அவள் பின்னால் போவது யார்?

மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்கே இன்னொரு கண்ணாடி வேண்டியிருக்கிற வயசுக்கு நாம் வந்துகொண்டிருக்கிறோம். அதனால் என் வயசுக்காரர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். அந்தக் காலத்தில் சி.டி.யை உள்ளே தள்ளினால் கம்ப்யூட்டர் உறுமும். பாதியில் நின்றுவிட்டால் எடுத்துச் சட்டை நுனியில் துடைத்து மறுபடியும் போடுவோம். என் மகளிடம் இதைச் சொன்னால் "அப்புறம்?" என்கிறாள், கண் மட்டும் போனில் இருக்கிறது. அவள் கேட்கிறாள் என்று நான் நம்பவில்லை. எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை நான். அது அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பாவுக்குப் பூனா பக்கத்தில் தேஹு ரோடு டெப்போவில் கேட் டூட்டி. ராணுவத் தளவாடக் கிடங்கு என்பதால் உள்ளே போகிறவர்கள் தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. ஆளுக்கொரு போட்டோ பாஸ். அப்பா பாஸைப் பார்ப்பார், ஆளின் முகத்தைப் பார்ப்பார், மறுபடி பாஸைப் பார்ப்பார். மீசையை எடுத்தவன், காய்ச்சலில் இளைத்தவன், அண்ணன் பாஸில் உள்ளே நுழையப் பார்த்த தம்பி, யாரும் அவரிடம் தப்பியதில்லை என்று டெப்போவில் அவருக்குப் பெயர்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் அப்படியேதான் இருக்கும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து புது ரப்பர் ஒன்றோடு வந்தால் போதும். "இது ஏது? யாரு குடுத்தா? என்னத்துக்குக் குடுத்தா?"

"டூட்டி முடிஞ்சிட்டுல்லா, யூனிபாரத்தக் கழட்டுங்க" என்று அம்மா அடுக்களையிலிருந்து சத்தம் போடுவாள்.

நான் ஏழாம் வகுப்பு படித்த அந்தக் குளிர்காலத்தில்தான் சித்தப்பா எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அப்பாவுக்கு ஒரே தம்பி. திருநெல்வேலியில் படிப்பை முடித்துவிட்டு, பூனாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்து வந்தவர். மெலிந்த உடம்பு, தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. வந்த கொஞ்ச நாளில் உதிரி உதிரியாக வாங்கி அவரே பூட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை முன்னறை மேஜையில் வைத்தார். வைத்த இடத்தில் அதுவரை இருந்த தையல் மெஷின் பால்கனிக்குப் போனது. அம்மா அதை மன்னிக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று.

சாயங்காலம் லோக்கல் ரயிலில் வந்து இறங்கி, டீ குடித்துவிட்டு, சித்தப்பா விளையாட உட்காருவார். நான் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொள்வேன். டுமீல் டுமீல் என்று சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை அது. காடு, ஆறு, இடிந்த கோட்டை, சந்தை என்று ஒரு பெரிய நாடு. அதற்குள் நாம் ஓர் ஆளாகப் பிறந்து, ஊர் ஊராக நடந்து, வேலை செய்து, சண்டை போட்டு வாழ வேண்டும். பிறக்கும்போதே அது கேட்கும்: ஆணா, பெண்ணா?

சித்தப்பா யோசிக்கவே மாட்டார். பெண்.

பிறகு முகம். மூக்கை நீட்டலாம், தாடையைக் குறுக்கலாம், நெற்றியை ஏற்றலாம். இதற்கு மட்டும் அவருக்கு அவசரமே கிடையாது. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடைசியில் வந்தவள் மாநிறம், அகலமான நெற்றி, உச்சியில் முடிந்த கொண்டை, இடது புருவத்தின் நடுவே ஒரு சின்ன வெட்டு. அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கேயோ பார்த்த முகம்போல இருந்தது.

அப்புறம் ஒரு பொத்தான் உண்டு. ஒருமுறை அழுத்தினால் அவள் கண் வழியாகவே நாடு தெரியும், அவளுடைய கை மட்டும்தான் முன்னால் நீண்டிருக்கும். மறுபடி அழுத்தினால் நாம் அவளுக்குப் பின்னால் போய்விடுவோம். அவளுடைய கொண்டையும் முதுகும் பறக்கிற துணியும் தெரியும். எனக்குக் கண் வழியாகப் பார்ப்பதுதான் பிடிக்கும். குகைக்குள் போனால் பயமாக இருக்கும், அந்தப் பயம் எனக்கு வேண்டும்.

"கண்ணு வழியா வைங்க சித்தப்பா. பின்னாடிலேந்து பாத்தா பயமே வர மாட்டேங்கு."

"வேண்டாம்ட்டி. அப்புறம் இவ தெரிய மாட்டாள்லா."

"நாமதான இவ? நம்மள நாம எதுக்குப் பாக்கணும்?"

சித்தப்பா சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் முறை. நான் பெரிய மீசை வைத்த ஆண் ஒருவனை உண்டாக்கினேன். அப்பா பார்த்துவிட்டு, "ராசா கணக்கா இருக்காம்லா!" என்று மெச்சினார். அம்மாவும் சிரித்தாள். பெண்பிள்ளை ஆண் வேஷம் போட்டதற்கு வீட்டில் ஒரு கேள்வி இல்லை. கேள்வியெல்லாம் அந்தக் கொண்டைக்காரிக்குத்தான்.

முதல் கேள்வி அப்பாவுடையது. ஒரு நாள் டூட்டி முடிந்து வந்தவர், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எங்கள் பின்னால் வந்து நின்றார். திரையில் அவள் காட்டுப் பாதையில் தனியாக நடந்துகொண்டிருந்தாள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு பின்னாடி போறது யாருலே?"

"யாரும் போகலண்ணே."

"பொறவு முதுகு எப்படித் தெரியுது? ஒருத்தன் பின்னாடியே போனாத்தான தெரியும்?"

"அது நாமதாண்ணே. கேமரா மாதிரி."

"நாம எதுக்கு அவ பின்னாடி போறோம்?"

அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. கேட்டில் நிற்கிறவருக்கு, ஒருவர் பின்னால் இன்னொருவர் போனால் அதற்குக் காரணம் இருந்தாக வேண்டும். சித்தப்பாவின் விளக்கம் அவருக்குப் போதவில்லை. அன்றிலிருந்து அப்பா அந்தப் பெட்டியைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்.

இந்தச் சமயத்தில்தான் பூனாவிலேயே கிர்கியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நம்ம பக்கத்துக் குடும்பம். பெண் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஜாதகம் பார்த்தாயிற்று, பொருந்திவிட்டது, தை பிறந்ததும் பூ வைத்துவிடலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். சித்தப்பாவிடம் கேட்டபோது, "நீங்க பாத்துச் செய்யுங்கண்ணே" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். அதில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அப்பாவுக்கு வாக்குதான் எல்லாம். தம்பி நடுவில் காலை வாரிவிட்டால் கிர்கியில் தலைகாட்ட முடியாது, அந்தப் பெண்ணின் பெயரும் கெட்டுப்போகும் என்பது அவருடைய கவலை. எனக்கு வேறு கவலை. கல்யாணம் ஆனால் சித்தப்பா தனி வீடு பார்ப்பார், கம்ப்யூட்டரும் போய்விடும். ஆகவே அந்த டீச்சரைப் பார்க்காமலே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பாவின் கேள்விக்குப் பதிலைக் கண்டுபிடித்தது எதிர் குவார்ட்டர்ஸ் அத்தை. உறவில்லை, தமிழ்க்காரி என்பதால் அத்தை. கொத்தமல்லி கேட்க வந்தவள் திரையைப் பார்த்துவிட்டு, அம்மாவை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

"சும்மா வரஞ்ச மூஞ்சி மாதிரியா இருக்கு அது? புருவத்துல வெட்டெல்லாம் யாராவது வேணும்னு வைப்பாங்களா? ஆசப்பட்ட பொண்ணோட போட்டோவ கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா, அவளையே நடக்க வச்சிப் பாக்கலாமாம். எங்க வீட்டுப் பையன் சொன்னான்."

"நானும் பாக்கேன்க்கா, பொழுதன்னைக்கும் அவ முதுகையே பாத்துக்கிட்டு இருக்காரு" என்றாள் அம்மா. அவள் குரலில் கவலையைவிட ஆர்வம்தான் கூட இருந்தது.

அவ்வளவுதான். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திரையில் இருப்பது ஒரு போட்டோ பாஸ். பாஸ் இருந்தால் ஆள் இருக்க வேண்டும். ஆளைக் கண்டுபிடிப்பது அவருடைய தொழில்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பம் வெளியே போனதெல்லாம் வேவு பார்க்கத்தான். ஸ்டேஷனில் லோக்கல் வந்து நின்றால் அப்பா மேம்பாலத்துப் படியில் நின்றுகொண்டு இறங்குகிற பெண்களின் புருவங்களைப் பார்ப்பார். ஷேர் ஆட்டோவில் எதிரே யார் உட்கார்ந்தாலும் அம்மா என் தொடையைக் கிள்ளுவாள். முருகன் கோயிலில் ஒரு பெண்ணை அப்பா வைத்த கண் வாங்காமல் பார்க்கப் போய், அவளுடைய மாமியார் முறைத்தாள். வியாழக்கிழமைகளில் ராத்திரி வரை கரண்ட் இருக்காது. கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கும். அன்றைக்கு மட்டும் வீட்டில் யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை.

கடைசியில் ஆள் அகப்பட்டாள். ஸ்டேஷன் எதிரே இருந்த மெடிக்கலில், வெள்ளைக் கோட்டும் கழுத்தைச் சுற்றி மஃப்ளருமாக மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண். மாநிறம். கொண்டை. இடது புருவத்தில் வெட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சித்தப்பா தினமும் அந்தக் கடையில் இருமல் மிட்டாய் வாங்குகிறார். அப்பா என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்த் தூரத்திலிருந்து காட்டினார்.

"அவளேதான்" என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. சந்தேகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் எந்த முகமும் எந்த முகத்தோடும் பொருந்திவிடும். அது இப்போது தெரிகிறது. அப்போது மூன்று பேருமே அதைத்தான் போட்டிருந்தோம்.

அப்பா நேரே கவுண்டருக்குப் போனார். அவருடைய இந்தி கேட்டில் கற்ற இந்தி. மரியாதையும் அதட்டலும் கலந்து வரும்.

"பெஹன்ஜி, மேரே பாய் கா ஷாதி பக்கா ஹோ கயா. ஆப் உஸ்கோ சோட் தோ."

என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அவனை விட்டுவிடு என்று, சுற்றி மருந்து வாங்க நிற்கிற நாலைந்து பேர் நடுவில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னார்.

அவள் கையில் இருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள். "காய்? கோண் பாய்?" என்ன, எந்தத் தம்பி என்று மராத்தியில் கேட்டபடி மஃப்ளரைத் தளர்த்தினாள். உள்ளே கறுமணித் தாலி. பின்னாலிருந்து அட்டைப் பெட்டியோடு வந்த ஆள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அப்பாவை நிதானமாகப் பார்த்தான்.

"ஹீ மாஜி பாய்கோ ஆஹே, காகா." இவள் என் பெண்டாட்டி.

அவன் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னான். கத்தியது அவள்தான். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் டெப்போ ஆட்கள், தினமும் அப்பாவிடம் பாஸ் காட்டிவிட்டு உள்ளே போகிறவர்கள். அப்பா கையைக் கூப்பி, "மாஃப் கரோ, மாஃப் கரோ" என்றார். அப்பா யாரையும் கும்பிட்டு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வீடு வரும்வரை அப்பா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

சாயங்காலம் சித்தப்பா செருப்பைக் கழற்றும்போதே அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"அதப் போடு."

"எத?"

"அந்தப் பொட்டிய. அந்தப் பொம்பளைய."

சித்தப்பா போட்டார். அவள் ஒரு ஆற்றங்கரையில் நின்றிருந்தாள். அப்பா சொன்னபடி அவள் முகம் எங்களைப் பார்க்கிற மாதிரி திருப்பினார்.

"யாருலே இவ? ஊரெல்லாம் தேடி, இன்னைக்கு ஒரு கடையில போயி நாலு பேரு முன்னால அசிங்கப்பட்டு வந்து நிக்கேன். எனக்கு இப்பத் தெரியணும். கிர்கிக்காரங்களுக்கு நான் பதில் சொல்லணும்லா?"

"சொல்லிருங்க தம்பி" என்றாள் அம்மா. "மராத்திப் பொண்ணுன்னாலும் பரவால்ல. பேசிக்கிடலாம். ஒண்ணும் குடி முழுகிராது."

சித்தப்பா எழுந்து, மேஜை விளக்கைப் போட்டார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே குறைவு. குளித்துவிட்டு வரும்போதுகூட அது முகத்தில் இருக்கும். தலைமுடியை இரண்டு கையாலும் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"நல்லாப் பாருங்கண்ணே" என்றார்.

அப்பா திரையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அகலமான நெற்றி. அதே தாடை. இடது புருவத்தில், கண்ணாடியின் தடித்த சட்டம் இத்தனை நாளும் மூடி வைத்திருந்த வெட்டு. சின்ன வயசில் அப்பா விட்ட பம்பரம் எகிறிப் பட்டு வந்தது அது. அந்தக் கதையை அப்பாவே எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஊரில் இருக்கிற முகங்களையெல்லாம் தேடிய மனுஷர், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பெண்கள் வரிசையில் மட்டும்தான் தேடினார்.

"இது நான்தாண்ணே" என்றார் சித்தப்பா. "கண்ணு வழியாப் பாத்தா நான் எனக்குத் தெரிய மாட்டேன். அதான் இப்படி வச்சிருக்கேன். கொஞ்ச நேரம் பாத்துக்கிடுவேன். வேற ஒண்ணும் இல்ல."

எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. அம்மாவுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா கையை ஓங்கவில்லை. போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். யு.பி.எஸ். பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. அதை எப்படி நிறுத்துவது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. சித்தப்பாவே குனிந்து அதையும் அணைத்தார்.

மறுநாள் காலையில் அப்பா கிர்கிக்குப் போன் போட்டார். வேறொரு ஜோசியரிடம் காட்டியதாகவும், எங்கள் பையன் ஜாதகத்தில் பெரிய குறை இருப்பதாகவும், பெண் நன்றாக வாழ வேண்டியவள், எங்களை மன்னித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். ஒரு ஜோசியரிடமும் அவர் போகவில்லை. அந்தப் பொய்யைத் தன் மானத்துக்காகச் சொன்னார் என்றுதான் வெகு காலம் நினைத்தேன். முகம் தெரியாத அந்த டீச்சரைக் காப்பாற்றச் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருப்பதால் அதையும் முழுதாக நம்ப மாட்டேன்.

சித்தப்பா பெங்களூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அப்பா அவரைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. ஸ்டேஷன் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். எங்கள் வீட்டை விட்டு வெளியே போன பெட்டிகளில் அப்பா திறந்து பார்க்காதது அது ஒன்றுதான். கம்ப்யூட்டரைச் சித்தப்பா எனக்கென்று விட்டுவிட்டுப் போனார். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. மேஜைப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

இன்றைக்கு அவர் பெங்களூரில் வேறு பெயரில், பெண்ணாக, நல்ல வேலையில் இருக்கிறார். வெள்ளிக் கம்பிகள் ஓடிய கொண்டையும் காட்டன் சேலையுமாக வந்து நின்றால் என் மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். பெரியபாட்டியோ சின்னப்பாட்டியோ, ஏதோ ஒன்று சொல்லி அவரைக் கூப்பிடுகிறாள். இதை எழுதப்போகிறேன், உங்களை என்னவென்று எழுத என்று போனில் கேட்டேன். "அந்த வருசத்துக் கதைக்கு அந்த வருசத்துப் பேரே இருக்கட்டும்ட்டி" என்றார். அப்பாவும் அவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். மழை, சர்க்கரை, கால்வலி. அதற்கு மேல் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பா போனோடு எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கெல்லாம் வெகு முன்னால் நடந்தது. சித்தப்பா பெங்களூருக்குப் போன பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தப் பொட்டிக்குள்ள அந்த மூஞ்சி இன்னும் இருக்காம்லா? பொண்ணு புழங்குற வீடு. முதல்ல அத அழிச்சி விடுங்க. அழிச்சாத்தான் அவருக்கும் அந்த நெனப்பு போவும்."

அப்பா வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போடுட்டி" என்றார். போட்டேன். வரிசையாக இரண்டு முகங்கள் வந்தன. மீசைக்காரன் என்னுடையவன். பக்கத்தில் அவள். எதை அழுத்தினால் அழியும் என்று கேட்டார். அழிக்க வேண்டாம் அப்பா என்று சொல்லத் தைரியம் இல்லை. விரலால் காட்டினேன். அவர் என் கையிலிருந்து மவுசை வாங்கி, அவர் பாணியில், கல்லை நகர்த்துவதுபோல நகர்த்தி, அழுத்தினார்.

திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. அப்பா இங்கிலீஷை எழுத்துக்கூட்டுவதுபோல மெல்ல வாசிப்பார். "ஆர் யூ ஷ்யூர்?" என்று வாசித்தார். கீழே இரண்டு பொத்தான்கள். ஆமாம், இல்லை.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களைக் கேள்வி கேட்டே பழகியவர். அந்தப் பெட்டி அவரைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றது. அவர் அந்தச் சின்ன முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தையா, கண்ணையா, எதைப் பார்த்தார் என்று தெரியவில்லை. ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். பிறகு அம்பை மெல்ல நகர்த்தி, 'இல்லை'யின் மேல் வைத்து அழுத்தினார். கட்டம் மறைந்தது. அவள் அங்கேயே இருந்தாள்.

"என்ன, ஆச்சா?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"அழிச்சாச்சு" என்றார்.

"நல்லதாப் போச்சி. கையக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க."